ஜன்னலில் நீண்ட கை

"புது ஊசி கொடுக்கிறீங்க, சரி. கொடுத்த ஊசியெல்லாம் எங்கே சிஸ்டர்?"

கேட்டவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த புள்ளிவிவர அதிகாரி. காலையிலிருந்து மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்தி நோயை வாங்கிக்கொள்ளக் கூடாதே என்று புது ஊசி கொடுக்கும் மையம் அது. ஒரே ஓர் அறை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல். வருகிறவர்கள் கூச்சப்படக் கூடாது என்று, முகம் தெரியாதபடி மேலே பலகை அடித்து, கீழே கை நுழைய மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பெயர் கேட்பதில்லை, பேச்சும் கிடையாது. ஆளுக்கொரு நம்பர் வில்லை; அதை வைக்கிற கைக்குப் புது ஊசி.

பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதுசு என்று ஒரு ரூல் உண்டு. அதைத்தான் நர்ஸ் காற்றில் பறக்க விட்டிருந்தாள். இப்போது மூன்று மையங்களில் ஒன்றை மூடப்போகிறார்களாம். பழைய ஊசி ரொம்பக் குறைவாகத் திரும்பி வருவதோ இங்கேதான். அப்புறம் என்ன, பூட்டு வாங்கி வர வேண்டியதுதான் பாக்கி!

ஏதாவது தெரிகிறதா என்று அதிகாரியின் முகத்தையே பார்த்தாள். ம்ஹூம். இடி விழுந்தாலும் அசையாத முகம்.

"இந்த நம்பரைப் பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பினார். "வாராவாரம் வாங்கியிருக்கு. ஒண்ணுகூடத் திரும்பி வரலை. ஏன் தொடர்ந்து கொடுத்தீங்க?"

"ஐயோ, இது நகவெட்டி சார்!"

"யாரு?"

"எனக்கு முகமா தெரியும்? கையை வெச்சுத்தான் பேரு. தேள் பச்சை குத்தினவன் தேளு, பெயிண்ட் அடிக்கிறவன் சுண்ணாம்பு. இந்தக் கை நகத்தை ஒட்ட வெட்டியிருக்கும், அதனால நகவெட்டி. சுண்டுவிரல்கூட லேசா கோணல். ஆனா ஒரு ஊசித் தழும்பு கிடையாது சார். அது தனக்காக நீட்டின கை இல்ல, வீட்ல யாருக்கோ. முதல் நாள் வில்லையை வெச்சுட்டு ரெண்டு தடவை பின்னால இழுத்துக்கிச்சு! பழசைக் கொண்டான்னு விரட்டியிருந்தா மறுவாரம் வந்திருக்குமா? வீட்ல இருக்கிறது கிடைச்ச ஊசியை எடுத்துக் குத்தியிருக்கும்."

வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டோமோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்புறம் திடீர்னு நின்னுபோச்சே?"

"ஆமா சார். நின்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்ல ஒரு உயிர் போயிடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்கெல்லாம் எனக்குச் சாப்பாடே இறங்கலை."

"'நின்ற காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாத்தையும் காலியா விட்டிருக்கீங்க."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாரைக் கேட்டு எழுதறது? செத்தவன் ஜன்னல்ல வந்து சொல்வானா?"

அதிகாரி திரையில் வேறொரு படத்தைத் திறந்தார். மையத்துக்கு ஒன்றாக மூன்று கோடுகள்.

"ஊசியால புதுசா நோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவங்க கணக்கு இது. கறாரா பழசைக் கேட்டு வாங்கின ரெண்டு சென்டர்ல ஊசி திரும்பி வருது, ஆளுங்க வர்றதில்லை. அங்கெல்லாம் நோய் ஏறுது. உங்க பக்கம் பாருங்க, எப்படி இறங்குதுன்னு. நான் மட்டும் சொன்னா சரியா இருக்காதுன்னு வேற ரெண்டு பேரைத் தனியாக் கணக்குப் போடச் சொன்னேன். அவங்களுக்கும் இதேதான் வந்துச்சு."

"அப்படின்னா சார்?"

"மூட வேண்டியது இந்த சென்டரை இல்ல, அந்த ரூலை. மத்த இடத்துலயும் உங்களை மாதிரியே கொடுக்கணும், பழசைப் போடத் தெருமுனையில பெட்டி வைக்கணும்னு மூணு பேருமா எழுதி அனுப்பியாச்சு."

கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்லி உயிரை வாங்குகிறார்களே என்று தினம் திட்டித் தீர்த்த கணக்கா இது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் சார்."

அதற்கும் சிரிக்காத மனிதர், "வரேன் சிஸ்டர்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவள் மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைப்பதற்குள் ஜன்னல் பலகையில் தட்டும் சத்தம். வழக்கம்போல ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள், வில்லையின் நம்பரைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். ஒட்ட வெட்டிய நகம், கோணல் சுண்டுவிரல். அந்தக் கை, டேப் சுற்றிய ஒரு தகர டப்பாவை உள்ளே தள்ளியது.

"நகவெட்டிதான் சிஸ்டர்," என்றது அதிகாரியின் குரல். "பழசெல்லாம் இதுல இருக்கு. கையில எடுத்துட்டு வரப் பயந்துகிட்டு வீட்லயே வெச்சிருந்தேன்."

அடக் கடவுளே! காலையிலிருந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே!

அந்தக் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. இளம் கை. முழங்கை வரைக்கும் பழைய தழும்புகள்.

"அந்தக் காலிக் கட்டத்துல எழுதிக்குங்கக்கா," என்றது ஒரு புதுக் குரல். "அப்பா வாங்கிட்டு வந்தார், பையன் பிழைச்சுக்கிட்டான்னு."