பூனைக்காக

மடியில் ஏறிய பூனை ஸ்வெட்டரை ஒரு முறை முகர்ந்து பார்த்தது. அப்புறம், தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல, இறங்கிப் போய்விட்டது.

லாண்டரிக்காரருக்குப் பகீரென்றது.

அது அவர் மனைவியின் ஸ்வெட்டர். பழுப்பு நிறக் கம்பளி. அவருக்குப் பொத்தான் எட்டாது, கையும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிடும். எட்டு மாதமாகத் தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் பூனைக்குச் சாப்பாடு வைக்கிறார்.

மனைவி போன மறுநாளே பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஐந்து நாள் எதையும் தொடவில்லை. அவள் "மகாராணி" என்று ஒரு குரல் கொடுத்தால் மாடியிலிருந்து ஓடி வருகிற பூனை, இவர் கூப்பிட்டதற்குக் காதைக்கூட அசைக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரே உயிரும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

ஆறாம் நாள் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தார். பூனை வெளியே வந்தது. மடியில் ஏறி, முகத்தைக் கம்பளிக்குள் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கிடந்தது. பிறகு சாப்பிட்டது.

அன்றிலிருந்து ஸ்வெட்டர்தான். மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் ஸ்வெட்டர்தான். எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால், பூனைக்காகத்தான் என்று சொல்லிவிடுவார்.

நாற்பது வருடம் லாண்டரி நடத்தியவர். கடையை மூடிய பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்தவர் வீட்டில் எட்டு மாதம் துவைக்காத துணி ஒன்று தொங்கியது என்றால் பழைய வாடிக்கையாளர் யாரும் நம்பமாட்டார்கள். காலையில் மாட்டிக்கொள்வதற்கு முன் கழுத்துப்பட்டையை மூக்கருகே கொண்டுபோவார். தலைக்குத் தேய்க்கிற தைலம், வியர்வை, கொஞ்சம் மருந்து நெடி. எல்லாம் இருக்கிறதா என்று பூனைக்காகப் பார்த்துக்கொள்வார்.

நேற்றுப் பூனை பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. ஸ்வெட்டரின் முன்பக்கம் முழுக்கப் பால்.

அவர் யோசிக்கவில்லை. கை முந்திக்கொண்டது. டீக்கறைக்கு வெந்நீர், ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர், பால் பட்டால் உடனே அலசிவிட வேண்டும். கம்பளி என்பதால் சோப்புத்தூளை அளந்து போட்டார். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை வடித்தார். கழுத்துப்பட்டை ஓரத்தில் கறுத்திருந்த அழுக்கைக் கட்டைவிரலால் தனியாகத் தேய்த்தார். சுத்தமாகப் போய்விட்டது. துண்டில் சுருட்டி எடுத்து, நிழலில் விரித்துவிட்டு, திருப்தியாக நிமிர்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

அலமாரியைக் குடைந்தார். அவளுடைய துணிமணி, போர்வை, தலையணை உறை எல்லாமே அவர் துவைத்து, அவரே தேய்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைத்தவை. எதிலும் சோப்பு வாசனைதான் வந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததே இல்லை.

இப்போது பூனை கதவோரம் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"நானே தொலைச்சிட்டேன், மகாராணி" என்றார்.

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பூனை எழுந்து வந்தது. நாற்காலிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக அவர் மடியில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, வயிற்றோடு ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். அந்த ஆறாம் நாளுக்குப் பிறகு ஸ்வெட்டர் இல்லாமல் அதை ஒரு நாளும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. இந்தக் கழுதை எத்தனை மாதமாக இப்படி? அவளை எப்போது மறந்தது? தன்னிடம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

போன் அடித்தது. தூரத்தில் இருக்கிற மகள். நடந்ததை நேற்றே அவளிடம் சொல்லிப் புலம்பியிருந்தார்.

"மகாராணி மடிக்கு வந்துச்சாப்பா?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "அம்மா கடைசியா இங்க வந்தப்போ ஒரு சால்வையை விட்டுட்டுப் போனாங்க. நான் அதைத் துவைக்கவே இல்லை." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பூனைக்கு வேணும்னா அனுப்பிடறேன்பா."

அதை ஏன் துவைக்காமல் வைத்திருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் வீட்டில் பூனை கிடையாது.

மடியில் பூனை குர்ர் குர்ர் என்று சத்தமாக ஆரம்பித்தது. மகளுக்குக் கேட்டுவிடாமல் இருக்க, அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அனுப்பும்மா. பாவம், அது ரொம்ப ஏங்கிப்போய்க் கிடக்குது."