பூட்டுப் போட்ட ரூட்டர்

"கைய எடு!"

வீரபாகு போட்ட அதட்டலில், ரூட்டரைத் தொடப்போன நெட் கம்பெனி ஆள் அன்பழகன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பீரோவைத் திறக்க வந்த திருடனைப் பார்ப்பதுபோல அவனை மேலும் கீழும் பார்த்தார் வீரபாகு.

"வி.பி.என்.ன எடுக்கத்தானே பாக்குற? சடையப்பன் சொல்லி அனுப்பிச்சானா?"

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நெட்டு ஸ்லோன்னு உங்க வீட்டுலருந்துதான் மொதலாளி கம்ப்ளெய்ன்ட் வந்துது" என்றான் அன்பழகன். சேத்துப்பட்டிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டிவந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

சடையப்பன் எதிர்வீட்டுக்காரர். வீரபாகுவுக்குப் பெரியப்பா மகன். அவருக்கும் பட்டுப்புடவை வியாபாரம்தான்.

போன தை மாதம் வீரபாகு புதிதாக வரையவைத்த அன்னப்பட்சி பார்டர், அவர் தறியில் ஏறுவதற்கு முன்பே சடையப்பன் தறியில் நெய்து கடைக்குப் போய்விட்டது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஏன் என்று வீட்டுப் பெண்களிடம் வீரபாகு சொல்லவில்லை. வியாபார ரகசியம் அவர்களுக்கு எதற்கு என்பது அவர் கட்சி. அவர்கள் பாட்டுக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நெட்டில் போகும்போதுதான் எவனோ டிசைனை வழிமறித்துத் திருடுகிறான் என்று வீரபாகு முடிவு கட்டினார். எங்கோ கேள்விப்பட்டு, ஆளைப் பிடித்து, போவது வருவதையெல்லாம் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி, வெளிநாட்டு வழியாகச் சுற்றி அனுப்பும் வி.பி.என்.னை ரூட்டரிலேயே போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் டி.வி. பாதிப் படத்தில் நின்றது. போனில் பேசினால் பாதிப் பேச்சு வந்தது. அவர் அசையவில்லை.

அன்பழகன் வேகத்தை அளந்து, போனை நீட்டினான்.

"நூறு வர வேண்டிய எடத்துல மூணுதான் வருது மொதலாளி. இது சின்ன ரூட்டரு. வீட்டுல இருக்கிற அத்தினியையும் இதுவே பூட்டிப் பூட்டி நெதர்லாந்துக்கு அனுப்பி வாங்கிகினு இருக்குது. போளூருக்குப் போவ டெல்லிய சுத்தின கதைதான். டிசைன் போடுற கம்ப்யூட்டர்ல மட்டும் வி.பி.என். வச்சிக்கலாங்க."

"உன் மூளையும் மூணுலதான் ஓடுது" என்றார் வீரபாகு. "ஒரு வயரக் கடிச்சி சொருகத் தெரிஞ்சா பெரிய இன்ஜினியரா? நேத்து சாயங்காலம் பதினாறு டிசைனு, ஒன்றரை ஜி.பி., அஞ்சே நிமிஷத்துல பெங்களூர் போயிடுச்சி. கடைக்காரரே போன் பண்ணி அசந்துட்டாரு. ஸ்லோவாம், ஸ்லோ!"

அன்பழகன் தலையைச் சொறிந்தான். "இந்த லைன்ல அவ்ளோ ஃபைலு போவ ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுங்க. அஞ்சு நிமிஷத்துல சான்ஸே இல்ல."

"அப்ப உன் மீட்டரு டப்பா மீட்டரு. எடுத்துகினு கெளம்பு, பேஜார் பண்ணாத."

அந்தப் பதினாறும் ஆவணி முகூர்த்தத்துக்கு. இருபத்திரண்டு தறியும் அவற்றை நம்பித்தான் காத்திருந்தன. இந்த முறையும் சடையப்பன் முந்திக்கொண்டால் பெங்களூர்க்காரர் இனி இந்த வாசற்படி ஏற மாட்டார். அந்தப் பயத்தில் இரண்டு மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினார். அதைக் கெடுக்க ஒருத்தன் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

மருமகள் தேவிப்ரியா அப்போதுதான் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். டிசைன்களை வரைவதும் அனுப்புவதும் அவள் வேலை.

"வாம்மா, வா. இந்த மேதாவிக்கு நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லு. நேத்து நீ அனுப்பின டிசைனெல்லாம் ஜல்தியா போச்சா, இல்லியா?"

"சல்லுனு போயிடுச்சி மாமா."

வீரபாகு மீசையைத் தடவிக்கொண்டே அன்பழகனைப் பார்த்தார். "கேட்டுக்கினியா? எந்த லைன்ல போச்சின்னும் நீயே அவன்கிட்ட சொல்லும்மா."

"நம்ம நெட்டுதான் நவுறவே மாட்டேங்குதே மாமா, அதான் எதிர்வீட்டுப் பெரிய மாமா கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பினேன், ஒவ்வொண்ணா தெறந்து பாத்துட்டு, பார்டரு பிரமாதம்னாரு!"