கூர் வேண்டாம்

“இத ஒரு கையால விரிக்க முடியுமாண்ணே?” என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

குருசாமி அந்த மடக்குக் கத்தியை வாங்கி இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். கம்பம் கடைவீதியில் இருபது வருடமாக இரும்புக் கடை வைத்திருப்பவர், கூடவே வாடகைக்கு ஜீப்பும் விடுபவர். ஆணி, கயிறு, தார்ப்பாய், மண்வெட்டி என்று எதைக் கேட்டாலும் எடுத்துப் போடுவார்.

“ஆண்டவன் ரெண்டு கை எதுக்குத் தாயி குடுத்துருக்கான்?”

“இன்னொரு கை சும்மா இருக்காதுண்ணே.”

குருசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். உத்தமபாளையத்தில் இயற்பியல் படித்தவள், அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், இப்போது தேனியில் வேலை என்பதையெல்லாம் அதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். சற்று முன்னால் ஒருவன் வந்து இரண்டு அரிவாள் வாங்கிப் போனான். அவனிடம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இவளிடம் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

தினமும் கூடவே வைத்திருக்க என்றாள். மடியில் செருகினால் வெளியே தெரியக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் அந்த நொடியே கைக்கு வர வேண்டும் என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

அவர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். முதலாவது பளபளவென்று, பிடியில் பாம்புப் படத்தோடு இருந்தது. விரித்து அலகை இரண்டு பக்கமும் அசைத்தாள். ஆடியது. ஒதுக்கினாள். இரண்டாவதில் லாக் இருக்கிறது, விரித்தால் மடங்காது என்றார். அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். லாக் நழுவி அலகு படக்கென்று மடங்கியது. விரல் குறுக்கே இருந்திருந்தால் போயிருக்கும். இப்படி அழுத்தினால் எந்தக் கத்திதான் தாங்கும் என்று அவர் சலித்துக்கொண்டார். தாங்குகிற கத்தியைத்தான் தேடுகிறேன் என்றாள்.

மூன்றாவதற்குச் சொரசொரப்பான கறுப்புப் பிடி. கட்டைவிரலால் தள்ள அலகில் ஒரு குமிழ். அலகின் அடிப்பாதி ரம்பம்போல் பல் பல்லாக இருந்தது. வலது கையால் விரித்தாள், இடது கையால் விரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரித்தாள். தண்ணீர் வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு மறுபடி விரித்தாள். மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். மடங்கவில்லை.

“கத்திய வாங்கச் சொன்னா அதுக்குப் பரீச்ச வைக்கிறியே தாயி.”

அவள் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். “இந்தக் கூர மழுக்கித் தர முடியுமாண்ணே?”

“கூர் இல்லாம எப்பிடிக் குத்துவ?”

“குத்த வேணாம். அறுத்தாப் போதும்.”

குருசாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் உண்டு என்றார். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பயல்களைத் தனக்குத் தெரியாதா, காலம் கெட்டுக் கிடக்கிறது, பொம்பளைப் பிள்ளை கத்தியைத் தூக்கினால் அவள் வாழ்க்கைதான் வீணாகும் என்றெல்லாம் சொன்னார்.

“பேர மட்டும் சொல்லு. அவன்ட்ட நான் பேசிக்கிறேன்.”

“நீங்க சொன்னாக் கேப்பாராண்ணே?”

“என் பேச்சக் கேக்காத ஆளு இந்த ஊருல யாரு இருக்கா?”

பாண்டீஸ்வரி அவரையே பார்த்தாள். முதலில் கூரை மழுக்கித் தாருங்கள், போகும்போது சொல்கிறேன் என்றாள்.

அவர் முனகிக்கொண்டே கிரைண்டரில் பிடித்து நுனியை உருட்டிக் கொடுத்தார். அவள் அங்கே சுருட்டி வைத்திருந்த நீல நைலான் கயிற்றில் ஒரு முழமும், தடித்த தார்ப்பாயில் ஒரு துண்டும் கேட்டாள். கயிற்றை மேசைக் காலில் இறுக்கிக் கட்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மடக்கிக்கொண்டு, மறு கையால் கத்தியை விரித்து இழுத்தாள். நாலு இழுப்பில் கயிறு அறுந்தது. தார்ப்பாய் ஓரத்தில் கத்தியின் பல்லை வைத்து இழுத்தாள். கிழிந்துகொண்டே போனது.

முதல் முறையாக அவள் முகம் தெளிந்தது. பணத்தைக் கொடுத்தாள்.

“ஆளு யாருன்னு சொல்லாமப் போறியே,” என்றார் குருசாமி.

“கத்தி எனக்கில்லண்ணே, எங்கம்மாவுக்கு. தெனம் மலைக்கு மேல ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்புல போறாக. ஒரு ஜீப்புல பதினெட்டுப் பொம்பளைக. செக்போஸ்ட்ல தல எண்ணிறக் கூடாதுன்னு பின்பக்கம் தார்ப்பாய எறக்கி, வெளிய இருந்து கயித்தப் போட்டுக் கட்டிர்றாக. மலையேறுற மெட்டு வளைவுல வண்டி கவுந்தா உள்ள இருந்து அவுக்க முடியாது. ஒரு கை கம்பியப் பிடிச்சிருக்கும், மறு கைதான் மிச்சம். அந்த நெருக்கத்துல கூர் இருந்தாப் பக்கத்து ஆளக் கிழிச்சிரும். கட்டாதீகன்னு கேட்டா மறுநா ஏத்த மாட்டாகன்னு எங்கம்மாவுக்குப் பயம்.”

குருசாமி மேசைக் காலில் மிச்சமிருந்த கயிற்றுத் துண்டை அவிழ்த்தார்.

அவள் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள்.

“பேரு கேட்டீகள்ல? ஜீப்பு நெத்தியிலயே பெருசா எழுதியிருக்குண்ணே, ‘குருசாமி’ன்னு.”