நூலகர் படித்த விவாகரத்துச் சட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் வராத ஒரு காலத்தின் கதை சொல்கிறேன்.

ஒரு கிளை நூலகத்துக்குப் படிப்புத்திரை வந்தது. எதைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும். ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து, வைத்துக்கொள்ளலாமா என்று நூலகர் யாழினி எழுதித் தர வேண்டும். முதல் நாள் அவளே உட்கார்ந்து மூட்டு ஆபரேஷனைப் பற்றிப் படித்தாள்.

வீட்டுக்குப் போனதும் கணவர் பிரவீன் கேட்டார்: "முட்டி அவ்வளவு வலிக்குதா? எங்கிட்ட சொல்லவே இல்ல."

அவள் கண் எந்த வரியில் எத்தனை முறை நின்றது என்று திரை வீட்டுக்குச் செய்தி அனுப்பியிருந்தது.

மறுநாள் வாசகி ஜெனிபர் கன்னம் வீங்கி வந்தாள். "அக்கா, அடிக்கிற புருஷன்கிட்டேருந்து பிரிய என்ன வழின்னு அதுல பார்க்கணும்."

திரை முன் உட்காரப் போனவளை யாழினி பிடித்து நிறுத்தினாள். "நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நான் படிச்சுச் சொல்றேன்."

"ஏன்க்கா?"

"அதுக்கு வாய் ஜாஸ்தி."

யாழினியின் கண்கள் வரி வரியாகப் போயின. ஜெனிபர் தாளில் எழுதிக்கொண்டாள்.

மாலையில் பிரவீன் டீயோடு நின்றார். "விவாகரத்துப் பக்கத்தை நாலு தடவை படிச்சியாமே. நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. டீயைக் குடுங்க."

கொடுத்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் டீயைக் குடித்துவிட்டு, அறிக்கையில் "வேண்டாம்" என்று எழுதினாள்.

எதற்குப் படித்தாய் என்று துருவாமல் டீ கொடுக்கிற ஒரு மனுஷர் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும், கண்ணுகளா.