திரைக்கு அந்தப் பக்கம்

படம் தொடங்கியதுமே நாற்காலி வரிசையில் சிரிப்பு எழுந்தது.

ஊமைப்படக் காலம். பேச்சு முழுவதும் திரையில் எழுத்தாகத்தான் வரும். அன்று வந்த எழுத்தோ கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகப் புரண்டிருந்தது. ராஜகுமாரன் இடது கையால் வாளை உருவினான்.

“ஏனுங்க நல்லதம்பி, ஒரு எழுத்தாச்சும் படிக்க முடியுதா? பிலிமைத் திருப்பிப் போட்டுட்டான் பொன்ராஜ். கள்ளு வேலை செய்யுது” என்றார் சின்னமுத்துப் பண்ணாடி. பெருமாட்டியில் சினிமாக் கூடாரம் போட நிலம் கொடுத்தவர்.

நல்லதம்பி பென்சிலை எடுத்தார். பக்கத்துச் சித்தூரில் புத்தகக் கடை வைத்திருந்தார். கோயமுத்தூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு நாடகம், சினிமா பற்றியும் எழுதுவார். அவர் நாலு வரி எழுதினால் கூட்டம் வரும். நாலு வரி எழுதினால் கூட்டம் நின்றும் போகும்.

“நல்லாச் சாத்துங்க. ஒரு வருசம்னு ஊரறிய வாக்குக் குடுத்துட்டேன். கூடாரத்தைப் பிரிக்கச் சொல்ல ஒரு காரணம் வேணுமில்லீங்களா? அச்சுல வந்தாப் போதும், எடத்துல கடலை வெதச்சுருவேன்” என்றார் பண்ணாடி.

நல்லதம்பி எழுந்து படம் ஓட்டும் மிஷினிடம் போனார். கூடாரக்காரர் பொன்ராஜ் நிதானமாகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை வாசம் மட்டும்.

“பிலிம் திரும்பியிருக்குது, பொன்ராஜ்.”

“தெரியுமுங்க. நாந்தான் திருப்பிப் போட்டேன். இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானுங்க.”

“படமாவது பாத்து எடுத்தீங்களா? சண்டையைவிட எழுத்துத்தான் அதிகம்.”

“எதுல எழுத்து ஜாஸ்தின்னு கேட்டுத்தான் எடுத்தனுங்க.”

“நான் எழுதினா அடுத்த வாரம் உங்க கூடாரம் இருக்காது.”

கைப்பிடி நிற்கவில்லை.

“எழுதறது உங்க தொழிலுங்க. ஒருக்கா அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு எழுதுங்க.”

அந்தப் பக்கம் என்றால் திரைக்குப் பின்னால். ஊரார் தங்களோடு உட்காரவிடாத சனங்களுக்கு அங்கேதான் தரை. எட்டு வருடமாகச் சினிமா பற்றி எழுதிய நல்லதம்பி ஒரு தடவையும் அங்கே போனதில்லை.

கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஏதோ குளத்தின் அடியில் இறங்கிவிட்டது போலிருந்தது. ஒளி ஊடுருவட்டும் என்று தண்ணீர் தெளித்த துணி மெல்ல அசைந்தது. அதன் வெளிச்சத்தில் முகங்கள் மிதந்தன. ராஜகுமாரன் வலது கையில் வாளோடு நின்றான்.

எழுத்து வந்தது. வழக்கமாக இங்கேதான் அது புரண்டு தெரியும். இன்று நேராக இருந்தது.

“நா…ன்… திரும்…பி… வரு…வேன்” என்றது ஒரு பெண்குரல்.

“மெதுவாப் படி, பூவாத்தா. எனக்குக் கடேசி எழுத்து தப்பீருச்சு.”

“அடுத்ததை நீங்க படிங்க, மாமா. மூணு மாசமா ராப்பள்ளிக்கூடத்துக்குத் தூங்கவா வந்தீங்க?”

அடுத்த எழுத்து வந்தது. முப்பது குரல்கள் சேர்ந்து எழுத்துக் கூட்டின. எழுத்து வரும்போதெல்லாம் கைப்பிடியின் கடகடப்பு மெதுவாவதை நல்லதம்பி அப்போதுதான் கவனித்தார். கடைசி ஆள் படித்து முடித்த பிறகே ராஜகுமாரன் குதிரை ஏறினான்.

ஆட்டம் முடிந்ததும் வாசல் விளக்கடியில் நின்று எழுதினார்:

‘பெருமாட்டியில் படம் நேராகத்தான் ஓடுகிறது. பார்க்கத் தெரியாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உங்கள் நிருபர்தான். சின்னமுத்துப் பண்ணாடி வாக்குக் கொடுத்தபடி கூடாரம் ஒரு வருடம் முழுவதும் இங்கே இருக்கும்.’

பண்ணாடி வந்து கையை நீட்டினார். சண்டைக்குத் தயாராக நோட்டைக் கொடுத்தார் நல்லதம்பி.

பண்ணாடி அதை விளக்குக்கு நேரே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் வரிகளில் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. பிறகு கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

“நல்லாச் சாத்தீருக்கீங்க. ஒரு எழுத்தையும் மாத்தாம அச்சுக்கு அனுப்புங்க.”