புதுப்பொலிவுடன்

அநியாயம் நடந்தது புதுச் செய்திப்பெட்டிக்குத்தான். எந்தத் திரைக்கும் ஏற்ப விரியவும் சுருங்கவும் தெரிந்த அதை, கம்பெனி இணையதளத்தின் பழைய பக்கம் ஆசையாகக் கூட்டிவந்தது. தன் நெற்றியில் ‘புதுப்பொலிவுடன்’ என்று எழுதிக்கொண்டது. பிறகு அசையவே முடியாத ஒரு கட்டத்துக்குள் அதை அடைத்தது.

“கொஞ்சம் நகர இடம் கொடுங்க, ஐயா” என்றது பெட்டி.

“இங்க வழக்கம் இதுதாம்மா. நீதான் அனுசரிச்சுப் போகணும்.”

கைபேசியில் பார்த்த ஊழியர்களுக்குப் பாதிச் செய்திதான் தெரிந்தது. புகார்கள் குவிந்தன.

“எல்லாம் இவ வந்த நேரம்! தூக்கிடுங்க” என்று நிர்வாகியிடம் கத்தியது பக்கம்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றது, உச்சியில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும் ‘நல்வரவு’ வரி.

பெட்டி பக்கத்தைப் பார்த்துச் சொன்னது: “போறேன், ஐயா. போகும்போது உங்க நெத்தியில இருக்கிறதையும் அழிச்சுட்டுப் போகட்டுமா?”