மேற்கே எய்த அம்பு

கிழக்கு முடிந்தது. தெற்கு முடிந்தது.

குதிரை வாகனத்தில் சாமி. சாமிக்காக வில்லைப் பிடித்திருப்பவர் அர்ச்சகர்.

மேற்குக்கான அம்பை அவர் எடுத்ததும், அந்த அம்பைச் செய்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆட்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றை ஒட்டிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்.

அம்பில் சுற்றிய சிவப்பு நூல் மேல்பக்கம் இருக்க வேண்டும். அர்ச்சகர் எப்போதும் அப்படித்தான் வைப்பார். இன்றைக்குப் பார்த்து மாற்றி வைத்தால் அம்பு வலப்பக்கம் போய்விடும்.

விஜயதசமி அம்பு விழும் இடத்தில் அடிதடியே நடக்கும். அது போய்ச் சேரும் வீட்டில் கெட்டது எதுவும் அண்டாது என்பார்கள். கேட்டு வாங்கினால் பலன் இல்லை. தேடி வந்து விழ வேண்டும்.

அம்பைச் செய்தவர் வீட்டுப் பரணில் ஒரு கட்டு அம்பு கிடக்கிறது. சாமி எய்யாத வரைக்கும் அதெல்லாம் வெறும் மூங்கில் குச்சி.

மகள் செவ்வந்தி இடப்பக்கம், வன்னி மரத்தடியில் பெண்களோடு நிற்கிறாள்.

ஏழு மாதம்.

முன்பு இரண்டு முறையும் ஏழாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவளால் முண்டியடிக்க முடியாது.

அம்புதான் அவளிடம் போக வேண்டும்.

மூங்கிலைத் தணலில் காட்டி, இளகியதும் கணுக்கணுவாக நிமிர்த்துவது அவர் தொழில். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் மயிரிழைக் கோணலும் தெரியும். தெரிந்தால் மறுபடி தணல். இந்த அம்பையும் அப்படித்தான் நிமிர்த்தினார். பிறகு மறுபடி சூடு காட்டி, முன்கணுவில் லேசாக வளைத்தார். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எய்து பார்த்தார். வளைவைக் கூட்டினார். குறைத்தார்.

சாமியை ஏமாற்றுகிறோமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஏமாற்றவில்லை, வழி காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டார். சாமிக்கே வழி காட்டுகிற ஆள்.

நூல் மேலே இருந்தது.

அம்பு நேராகக் கிளம்பியது. பாதி தூரத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. எதிரே ஓடத் தயாராக நின்ற இளவட்டங்கள் வாயைப் பிளந்தார்கள்.

செவ்வந்தியின் காலடியில் விழுந்தது.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். பிள்ளைத்தாச்சி குனிகிறாள் என்று மற்ற பெண்கள் விலகி நின்றார்கள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். அம்பு செய்கிற வீட்டில் வளர்ந்தவளின் பழக்கதோஷம். அம்பைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தாள்.

இதை அவர் யோசிக்கவே இல்லை.

மூடிய கண்ணைத் திறந்தாள். கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள்.

அவர் தலை குனிந்துகொண்டார். வாழ்க்கையில் செய்த ஒரே கோணல் அம்பு, அதுவும் அவளிடமே மாட்டிக்கொண்டது. சாமி அனுப்பியது இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி எதை நம்பிக்கொண்டு மீதி மாதங்களைக் கழிப்பாள்?

“ஏட்டி செவ்வந்தி, நேரா வந்த அம்பு எப்படிட்டி இங்கிட்டுத் திரும்புச்சு?” பக்கத்தில் நின்ற சித்தி கேட்டாள்.

“காத்து அடிச்சுதுல்லா, சித்தி.”

கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

வன்னி மரத்தில் ஓர் இலையும் அசையவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வளைந்த கணுவை உள்ளங்கைக்குள் பொத்தி, அம்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.